கழுத்தில் கட்டிய கூம்பு

பூரி ஆஸ்பத்திரியிலிருந்து கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு முதலில் நிலைப்படியில் முட்டியது. அடுத்து தண்ணீர்க் குடத்தில் முட்டியது. கடைசியில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய் மாட்டிக்கொண்டு, பின்னால் வரத் தெரியாமல் அப்படியே நின்றுவிட்டது. குரைக்கக்கூட இல்லை. திரிசலா இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்து விட்டாள். விட்டதும் மறுபடி அதே இடுக்குக்குத்தான் போனது.

எதிர்வீட்டுக் கலாவதி வாசலில் நின்றபடி, நாயா இது, ஆடி மாசத்து ரேடியோ குழாயா என்று கேட்டுச் சிரித்தாள். கலாவதி வீட்டில் இரண்டு பட்டுத் தறி ஓடுகிறது. அவளுக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது. மற்ற நாளாக இருந்தால் திரிசலாவும் சேர்ந்து சிரித்திருப்பாள். அன்றைக்கு அவள் பூரியை மறுபடி இழுக்கக் குனிந்தாள்.

பூரியை நல்ல ஜாதி நாய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தெருமுனை டிபன் கடையில் மிஞ்சியதைத் தின்று வளர்ந்தது. பேரும் அங்கே கிடைத்ததுதான். ஒருநாள் திரிசலாவின் கணவர் சக்கரவர்த்தி கடையடைத்து வரும்போது பின்னாலேயே வந்து, வீடு தன்னுடையதுதான் என்பது மாதிரி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. சக்கரவர்த்திக்கு அரிசி மண்டி. கூரம் கிராமத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலமும் உண்டு. மகன் ஜினேஷின் படிப்புக்காகக் காஞ்சிபுரம் டவுனுக்கு வந்த ஜைனக் குடும்பம், அவன் படித்து முடித்து வெளியூர் போன பிறகும் இந்த நெசவுத் தெருவிலேயே தங்கிவிட்டது. பொழுது சாய்ந்தால் அடுப்பு பற்றவைக்காத, வாயில் எதுவும் போடாத வீடு. பூரிக்கும் தயிர்ச்சோறு வெளிச்சத்திலேயே விழுந்துவிடும். நாயும் விரதம் எடுத்துக்கொண்டதா என்று தெருவே கேலி பேசும்.

கருடசேவைக் கூட்டத்தில் எவனோ பைக்கை உள்ளே விட்டு, பூரியின் பின்னந்தொடையைக் கிழித்துவிட்டுப் போய்விட்டான். கால்நடை ஆஸ்பத்திரியில் ஷாரோன் என்ற சின்ன வயசு டாக்டரம்மா தையல் போட்டாள். போட்டுவிட்டு, விளிம்பில் நாடா கோத்த அந்த பிளாஸ்டிக் கூம்பைக் கழுத்தில் மாட்டி முடிச்சுப் போட்டாள். நாய் நக்கினால் தையல் பிரிந்துவிடும், தையலை நானே பிரித்தெடுக்கும் வரைக்கும் இதைக் கழற்றக் கூடாது, சாப்பிடும்போதுகூடத் தட்டை உயரமாக வைத்துக் கூம்போடுதான் சாப்பிட வைக்க வேண்டும் என்று பாடம் சொல்வது மாதிரி சொன்னாள். பாவமாக இருக்கிறது என்று கழற்றுகிறவர்கள்தான் திரும்பி வருகிறார்கள் என்றும் சொன்னாள். திரிசலா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஆனால் அன்று சாயங்காலம் பூரி சோற்றைத் தொடவில்லை. தட்டைத் தூக்கி முக்காலியில் வைத்தாள். கூம்பின் விளிம்பு தட்டைத் தள்ளிக் கவிழ்த்தது. தண்ணீர்க் கிண்ணத்தை உள்ளேயே நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது, அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன மழைக்காலத்தில் திருப்பருத்திக்குன்றம் ஜைனக் கோயிலுக்கு வந்திருந்த பெண் துறவி மாதாஜியின் முன்னால் திரிசலா கொல்லாமை விரதம் எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பட்டு உடுத்துவதில்லை. அதுவும் காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு. கொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, விரதத்துக்குப் பங்கம் வரவைக்கும் ஐந்து காரியங்களையும் விட வேண்டும் என்று மாதாஜி சொல்லியிருந்தார். ஓர் உயிரைக் கட்டிப்போடுவது, அடிப்பது, உறுப்பை அறுப்பது, தாங்காத பாரம் ஏற்றுவது, சோறு தண்ணீரைத் தடுப்பது. திரிசலா அதைத் தினமும் காலையில் சொல்லிக்கொள்வாள். இப்போது பூரியைப் பார்த்தால் ஐந்தில் இரண்டு கண்ணெதிரே நின்றது. கட்டியும் போட்டாயிற்று, சோற்றையும் தடுத்தாயிற்று.

சக்கரவர்த்தியிடம் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, மாதாஜி சொன்னது மனுசன் தன் சுயநலத்துக்குக் கட்டுவதை, இது வைத்தியம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பூரி அந்த இடுக்கில் நின்றபடி விடுகிற மூச்சு பிளாஸ்டிக்குக்குள் புஸ் புஸ் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நியாயத்தைவிட அது அவளுக்குப் பெரிதாகக் கேட்டது.

மறுநாள் அவர் மண்டிக்குப் போனதும் திரிசலா முடிச்சை அவிழ்த்தாள். பூரி தலையை உதறியது. ஒரு கிண்ணம் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்தது. வீடு முழுக்க ஒரு சுற்று நொண்டியபடியே ஓடி வந்தது. அதைப் பார்த்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தச் சந்தோஷத்தைத் தடுக்கிற வைத்தியம் என்ன வைத்தியம் என்று நினைத்தாள்.

காயத்தை அப்படியே விட்டுவிட அவள் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. கூம்புக்குப் பதிலாக வேறு என்னென்னவோ செய்துபார்த்தாள். காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினாள். பூரி அதைக் கசப்பு என்றே நினைக்கவில்லை. கலாவதி பழைய புடவையைச் சுருட்டி ஒரு சும்மாடு மாதிரி செய்து கொடுத்தாள். கழுத்தில் போட்டதும் அது தலை வழியாகக் கழன்று விழுந்தது. கடைசியில் ஜினேஷ் விட்டுப்போன பைஜாமாவில் ஒரு காலை வெட்டி, பூரியின் தொடையில் மாட்டி, நாடாவை இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். அது நின்றது. பூரியும் மறுப்புச் சொல்லவில்லை. தெருவில் பைஜாமா போட்ட நாய் என்று பேராகிவிட்டது. சக்கரவர்த்தி வந்து பார்த்துவிட்டு, கூம்பு எங்கே என்று கேட்டார். தேவைப்படவில்லை என்றாள். ஒருநாள் பார்த்து, இரண்டு நாள் பார்த்து, நாய் நன்றாகச் சாப்பிடவும் அவரும் விட்டுவிட்டார்.

திரிசலா பெருமையாகவே இருந்தாள். பகலெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாய் தொடைக்குப் போனால் தட்டிவிட்டாள். துணியை விலக்கி உள்ளே பார்க்க மட்டும் மனசு வரவில்லை. தொட்டாலே பூரி முனகியது. வலிக்கவைக்க வேண்டாம் என்று விட்டாள். துணி அடிக்கடி ஈரமாகிக் கிடந்தது. ஈரத் தரையில் படுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் சமைக்கிற நேரத்திலும், பூஜையில் கண்ணை மூடுகிற நேரத்திலும் பூரி துணியோடு சேர்த்தே நக்கிக்கொண்டிருந்தது என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

வாடைதான் முதலில் சொன்னது. அப்புறம் ஈ. அன்றைக்குக் காலையில் பூரி எழுந்து வரவில்லை. திரிசலா பக்கத்தில் போய் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்துத் துணியை மெதுவாகத் தூக்கினாள். தையல் பிரிந்து கிடந்தது. குழி விழுந்த சதைக்குள் வெள்ளையாக என்னவோ அசைந்தது. சோறு ஒட்டியிருக்கிறதோ என்றுதான் ஒரு கணம் நினைத்தாள். பிறகு மொத்தமும் ஒரே நேரத்தில் நெளிந்தது.

அவள் போட்ட சத்தத்தில் கலாவதி தறியை விட்டு ஓடிவந்தாள். பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, புழு வைத்துவிட்டது, சீத்தா இலையை அரைத்து உள்ளே அடைத்தால் எல்லாம் செத்துக் கொட்டிவிடும், கொல்லையில் மரம் இருக்கிறது, பறித்துவருகிறேன் என்றாள். திரிசலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாவடிக்காம எடுக்க முடியாதா அக்கா?"

கலாவதி கையை விடுவித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரியும் பார்க்கவில்லை.

"எங்க வூட்டுத் தறியில ஓடுற ஒவ்வொரு இழையும் ஒரு புழு செத்ததுதான் திரிசலா. நாங்க அதைத் தின்னுதான் உசிரோட இருக்கிறோம். நீ என்னாண்ட கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

சக்கரவர்த்திக்குப் போன் போனது. ஆட்டோவோடு வந்தார். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஏர் ஓட்டும்போதும் தண்ணீர் பாய்ச்சும்போதும் எவ்வளவோ உயிர் போகிறது, இல்லறத்தானுக்கு அதெல்லாம் மன்னிப்பு உண்டு என்று மட்டும் சொன்னார். அது தெரியாமல் போவது, இது தெரிந்தே செய்வது என்றாள் அவள். மடியில் பூரி நெருப்பாகச் சுட்டது. ஒரு பக்கம் அது சாகிறது, இன்னொரு பக்கம் எண்ணிக்கையே இல்லாமல் அந்தப் புழுக்கள் சாக வேண்டும். இரண்டில் எதையும் அவள் நினைத்துச் செய்யவில்லை. செய்தது எல்லாம் ஒரு முடிச்சை அவிழ்த்தது மட்டும்தான். அதற்கு இவ்வளவா என்று யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

டாக்டர் ஷாரோன் துணியைப் பார்த்தாள், காயத்தைப் பார்த்தாள், திரிசலாவைப் பார்த்தாள். கழற்றிட்டீங்களா என்று கேட்டாள். திரிசலா ஆமாம் என்றாள். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டாள். ஒரு ஊசி போட்டு, காயத்துக்குள் மருந்தும் அடித்தால் புழுக்கள் செத்துவிடும், பிறகு இடுக்கியால் எடுத்துச் சுத்தம் செய்யலாம், இப்போதே செய்தால் காலைக் காப்பாற்றலாம், நாளைக்கு என்றால் நாயையே காப்பாற்ற முடியாது என்றாள்.

திரிசலா குரலே எழும்பாமல் கேட்டாள். மருந்து இல்லாமல், உயிரோடவே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் ஆகாதா, எவ்வளவு நேரமானாலும் தானே உட்கார்ந்து எடுக்கிறேன் என்றாள். பக்கத்தில் நின்ற சக்கரவர்த்தி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் சிரிப்பாள் என்று நினைத்தார், சிரிக்கவில்லை.

"எடுக்கலாம்மா. எடுத்து எங்க விடுவீங்க? அதுங்களுக்குச் சோறு இதோட சதைதான். வெளியில விட்டா காஞ்சி சாவும். இதுக்குள்ள இருந்தா இது சாவும்."

திரிசலா மேஜையில் கிடந்த பூரியைப் பார்த்தாள். இதற்கு ஒரு பதில் எங்காவது இருக்கும், மாதாஜிக்குத் தெரிந்திருக்கும், புத்தகத்தில் எழுதியிருக்கும். இந்த மேஜையின் பக்கத்தில் இல்லை.

நான் வெளியே நிற்கிறேன் என்று அவள் கதவு வரைக்கும் போனாள். உதவியாள் பூரியைப் பிடிக்கப் போனான். அது பல்லைக் காட்டிச் சீறியது. சக்கரவர்த்தி பிடித்தார், அவர் கையையும் கவ்வப் பார்த்தது. அதற்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள். வாங்க என்று கூப்பிடக்கூட இல்லை.

திரிசலா திரும்பி வந்தாள். பூரியின் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். அது உடனே அடங்கியது. ஊசி இறங்கியது. காயத்துக்குள் மருந்து சீறிய சத்தம் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தாள், மூடவில்லை. மூடிக்கொண்டால் அது இன்னொரு பொய் என்று தோன்றியது. முதலில் எல்லாம் வேகமாக நெளிந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே வரப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக நின்றன. டாக்டர் இடுக்கியால் எடுத்து எடுத்துத் தட்டில் போட்டாள். திரிசலா உதட்டுக்குள்ளே, பூஜையில் சொல்கிற ணமோகார மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். யாருக்காகச் சொல்கிறோம் என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டாள்.

எல்லாம் முடிந்ததும் டாக்டர் புதிதாக ஒரு கூம்பை எடுத்தாள். பூரி மறுபடி சீறவே, நீங்களே மாட்டுங்கம்மா என்று அவள் கையில் கொடுத்தாள். திரிசலா மாட்டினாள். முடிச்சும் அவளேதான் போட்டாள்.

வீட்டுக்கு வரும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சக்கரவர்த்தி சீக்கிரம் சாப்பிட்டுவிடு, இன்னும் வெளிச்சம் இருக்கிறது என்று அவரே தட்டில் சோற்றைப் போட்டு வைத்தார். அவள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். இந்த மனுசனுக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கம் கிடையாது. யோசித்து யோசித்துச் சொன்னார்.

"நீ ஒன்னும் செய்யல திரிசலா. ஊசி போட்டது அந்தம்மா."

"நான் பிடிச்சுக்கினு இருந்தேன்."

அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் தொடவில்லை. வெளிச்சம் போய்விட்டது. தட்டை எடுத்து மூடிவைத்துவிட்டு உள்ளே போனார்.

பூரி மூலையில் படுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் தலையைத் திருப்பித் தொடையை நக்கப் போனது. நாக்கு பிளாஸ்டிக்கில் சரக் சரக்கென்று உரசியது. காயத்துக்கு எட்டவில்லை. திரும்பத் திரும்ப நக்கியது. பிறகு நிறுத்திவிட்டு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தது. சக்கரவர்த்தி பக்கம் போகவில்லை. மூன்று காலில் தத்தித் தத்தி நேராகத் திரிசலாவிடம் வந்து, அவள் மடியில் கூம்பை வைத்து, முடிச்சு அவள் கைக்கு வாகாக வருகிற மாதிரி கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தது. கழற்றிவிடுகிறவள் இவள்தான் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

திரிசலா முடிச்சில் விரலை வைத்தாள். வண்டியில் வந்த குலுக்கலில் அது கொஞ்சம் தளர்ந்திருந்தது. நாடாவின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்து இறுக்கினாள். மேலே இன்னொரு முடிச்சும் போட்டாள். அவள் அவிழ்க்கிறாள் என்று நினைத்து, பூரி கழுத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது.