சும்மா வந்த பீரோ

பீரோவைத் தள்ளிச் சுவரோடு ஒட்டி நிறுத்துவதற்குள் முதலாளிக்கு இடுப்பே கழன்றுவிட்டது. முதலாளி என்றதும் தொப்பையும் தங்கச் சங்கிலியுமாக ஒரு ஆளை நினைத்துவிடாதீர்கள். கல்லூரியை முடித்துவிட்டு நேற்று வெளியே வந்த பையன். கூடப் படித்தவர்கள் வேலை தேடி அலைந்தபோது, நான் வீடு வாங்கி வாடகைக்கு விட்டே பெரிய ஆளாகிவிடுவேன் என்று கிளம்பினானே, அதற்காக அவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. இப்போது பெற்ற தாயும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"என்ன முதலாளி, மூச்சு வாங்குது?"

மூச்சைப் பற்றி யார் கேட்பது பாருங்கள்! கொஞ்சம் தூசி, கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், அம்மாவின் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். இடுப்பில் இன்ஹேலரைச் செருகாமல் அவள் வாசல் தாண்டமாட்டாள். நீ வராதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். கேட்டால்தானே? வந்து ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டை வாங்கும்போது அவன் என்ன லேசில் வாங்கினானா? வாடகை எவ்வளவு வரும், தவணை எவ்வளவு போகும் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்த்தான். வந்து பார்த்ததெல்லாம் நல்ல வெயில் காலத்தில். புதுப் பெயிண்ட் பளபளத்தது. விற்ற மனுஷர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, "இந்த பீரோவ படியில எறக்க முடியாது தம்பி. நீங்களே வச்சுக்கங்க" என்றார். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் பீற்றிக்கொண்டான்.

"எவனாவது பீரோவ சும்மா தருவானாடா?" என்று அவள் அன்றைக்கே கேட்டாள்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று வாயை அடைத்துவிட்டான். அத்தனை கணக்குப் போட்ட மகாராஜன், பீரோவுக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

முதலில் குடிவந்தவர் பீரோவை நகர்த்தினார். மறுநாளே சாமான்களைக் கட்டினார். சுவர் முழுக்க ஈரம், கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே தரையை உடைத்தால்தான் சரிசெய்ய முடியும் என்றார் பிளம்பர். மேல்வீட்டுக்காரரோ வெளிநாட்டில். போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்கமாட்டார்.

அதுவும் போகட்டும். இந்த வீட்டை வாங்க அவன் வங்கியில் அடமானம் வைத்தது அம்மாவின் வீட்டை. அப்பா ஓய்வு நாளெல்லாம் கூடவே நின்று, சுவருக்குத் தன் கையால் தண்ணீர் ஊற்றிக் கட்டிய வீடு. குடிபுகுந்த கொஞ்ச நாளில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தவணை தவறியதும் வங்கி ஆள் அந்த வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "அடுத்த தவணையும் தப்பினா வீடு ஏலத்துக்குப் போயிடும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு வீடு பார்க்க வருகிறவர்களும் வேண்டாம் என்றுவிட்டால் கதை முடிந்தது.

"டேய், மறைச்சுக் குடுக்கறது பாவம்டா" என்றாள் அம்மா.

"இன்னைக்கு ஒரு நாள் வாயத் தொறக்காம இரும்மா. உன் கால்ல வேணா விழறேன்."

அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டாள்.

பஸ் டிரைவர் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவள் இடுப்பில் மூக்கொழுகும் கைக்குழந்தை. சமையலறையைப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து மூடினார்கள். படுக்கையறைக்குள் நுழைந்ததும் அவள் மூக்கைச் சுருக்கினாள்.

"ஏதோ வாடை அடிக்குதே?"

"பூட்டியே கெடந்த வீடு இல்லீங்களா? ரெண்டு நாள் காத்தாடினா போயிடும்." பொய் இத்தனை சரளமாக வருகிறதே என்று அவனுக்கே திகைப்பாக இருந்தது.

"இந்த பீரோ யாருதுங்க சார்?" என்றார் டிரைவர்.

"அத படியில எறக்க முடியாதுங்க. நீங்களே வச்சுக்கங்க."

சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது. அந்த வழுக்கைத் தலையர் சொன்னது அப்படியே தன் வாயிலிருந்து வந்திருக்கிறது.

டிரைவரின் மனைவி அம்மாவிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. நீங்களா இருந்தா இந்த வீட்ல குடியிருப்பீங்களா?"

அம்மா பீரோவைப் பார்த்தாள். பிறகு மகன் முகத்தைப் பார்த்தாள்.

"இருப்பேன்மா."

குரல் பிசிறவே இல்லை. கடைக்காரர் தவறுதலாக ஒரு சோப்பு கூடப் போட்டுவிட்டார் என்று கொளுத்தும் வெயிலில் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். அவளைப் போய் இந்த வயதில் பொய் சொல்ல வைத்துவிட்டானே! டிரைவர் முகம் மலர்ந்து, முன்பணம் எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். குழந்தை இருமியது.

"வேணாங்க! இந்த வீடு வேணாங்க!"

கத்தியது முதலாளிதான். பல்லைக் கடித்துக்கொண்டு பீரோவைப் பிடித்து இழுத்தான். சுவர் தெரிந்தது. டிரைவரின் மனைவி குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். டிரைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"படிச்சவரு மாதிரி இருக்கீங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதான்.

"போச்சும்மா. அப்பா கட்டின வீடு போச்சு. உன்னையும் பொய் சொல்ல வச்சுட்டேன். நானெல்லாம் ஒரு பிள்ளையா?"

"யாருடா பொய் சொன்னது?"

அம்மா ஜன்னலோரம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே குரல் கொடுத்தாள். "அம்மாடி! கொஞ்சம் நில்லும்மா! அடுத்த தெருவுல இன்னொரு வீடு இருக்கு. தனி வீடு. சுவத்துல ஒரு பொட்டு ஈரம் கெடையாது. கொழந்தைக்கு ஒண்ணும் பண்ணாது. வந்து பாத்துட்டுப் போங்க!"

"எந்த வீடும்மா?" என்று கேட்டான். கேட்கும்போதே புரிந்துவிட்டது.

"நம்ம வீடுதான். அதுக்கு நல்ல வாடகை வரும், தவணையக் கட்டிடலாம். நாம இங்க வந்துடுவோம்."

"அம்மா, உன் நெஞ்சுக்கு இந்த ஈரம்..."

"அந்தச் சுவத்துப் பக்கம் நீ படுத்துக்க முதலாளி. நான் ஜன்னலோரம் படுத்துக்கறேன்."

இன்ஹேலரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, தன் வீட்டை அடுத்தவருக்குக் காட்டப் படியிறங்கினாள். கீழ்வாசலைத் தாண்டும்வரை அவள் நெஞ்சு விசிலடிக்கும் சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.