பதினோரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால்

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "கிரெடிட் கார்டுல பாயின்ட் சேர்த்து ஊர் சுத்தறது லாபமா நஷ்டமா? எண்ணூறு வார்த்தை, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க" என்றார். என்னிடம் ஒரு கார்டு கூடக் கிடையாது. ஆனால் எனக்கு ஓர் அத்தான் இருக்கிறார், அக்காவின் கணவர். எட்டு வருடமாகப் பாயின்ட் சேர்க்கிறார்; கார்டில் செலவு செய்யச் செய்ய ஏறும், சேர்ந்தால் விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம். அவரை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டால் கட்டுரை தானாக வந்துவிடும் என்று ஒப்புக்கொண்டேன். கேட்டேன். கட்டுரை வரவில்லை, இதுதான் வந்தது. ஆசிரியர் இரண்டு வெள்ளிக்கிழமைகளாகப் பொறுமையாக இருக்கிறார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[இன்றைய வாழ்வில் கடன் அட்டை தவிர்க்க முடியாத ஓர் அங்கமாக —]

அதற்கு மேல் எழுதக் கை கூசியது. அடுத்தது:

[அத்தான் ஒரு கஞ்சன். அவர் பர்ஸில் ஒன்பது கார்டுகள் —]

இது எனக்குப் பிடித்திருந்தது. இதை வைத்துக்கொண்டுதான் முக்கால்வாசிக் கதையை எழுதினேன். இந்த வாக்கியம் பொய் என்று எனக்கு உறைக்க ஆறாம் பகுதி வரை ஆயிற்று. நீங்களும் அதுவரை அவரைக் கஞ்சன் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கூடப் பழகின நானே நினைத்தேன், உங்களைக் குறை சொல்ல முடியுமா?

2

அத்தான் லிப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், லிப்டுக்குள் இரும்புக் கட்டிகளை ஏற்றி, நடுவழியில் நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. எதையும் ஒரு தடவை பார்த்து நம்பாத மனுஷன். அந்தக் கவனம் அத்தனையும் கார்டுகள் மேலும் இருந்தது. எதில் பெட்ரோல், எதில் மளிகை, எதில் மின் கட்டணம் என்று ஒவ்வொன்றின் முதுகிலும் துண்டுத்தாளில் எழுதி ஒட்டியிருப்பார். அலுவலகத்தில் யாராவது பிரிட்ஜ் வாங்கக் கிளம்பினால் கூடவே கிளம்பி, "நான் கார்டுல போடறேன், நீங்க எனக்குக் காசா குடுத்திடுங்க" என்பார். அவர்களுக்குப் பிரிட்ஜ், இவருக்குப் பாயின்ட்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர் கேட்டது அதைத்தானே. அத்தான் பில்லை நாள் தவறாமல் முழுசாகக் கட்டிவிடுவார். வட்டி என்று ஒரு காசு கொடுத்ததில்லை. எப்படியும் செலவாகப் போகிற பணம், அதற்கு மேல் ஒரு டிக்கெட்டும் வந்தால் கசக்கிறதா என்பது அவர் வாதம். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அக்காவை விமானத்தின் முன்பக்கத்தில், காலை நீட்டிப் படுக்கிற இருக்கையில் கூட்டிப்போனார். அதைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் வீட்டுச் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டின செலவு ஆகியிருக்கும். அவர்கள் கட்டியது வரி மட்டும். அக்கா ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுப்பாள். "அந்த ஒம்பது மணி நேரம் என்னை யாரும் எதுவும் கேக்கலடி" என்று இன்னமும் சொல்கிறாள்.

[விமான நிலைய ஓய்வறையைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. வெட்டிவிட்டேன். இலவசம் என்பதற்காக அத்தான் நாலு கிண்ணம் சூப் குடித்தார், அவ்வளவுதான் விஷயம்.]

3

இனி கெட்டது. ஒரு மாதம் பில் தவறினால் வருகிற வட்டியில் அந்த வருடத்துப் பாயின்ட் மொத்தமும் அடிபட்டுப் போகும். ஆண்டுக் கட்டணம் தனி. "இன்னும் கொஞ்சம் வாங்கினால் போனஸ்" என்று வாங்கிய இரண்டாவது மிக்ஸி அலமாரி மேல் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. போன வருடம் ஒரு நாள் காலையில் கார்டு கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நேற்றுவரை எழுபதாயிரம் பாயின்ட்டாக இருந்த டிக்கெட் இன்றிலிருந்து ஒரு லட்சம் என்று. கேட்க நாதியில்லை. எல்லாவற்றையும்விட, போக நினைக்கிற ஊருக்குப் போக முடியாது, சீட் இருக்கிற ஊருக்குத்தான் போக முடியும். யாரையும் தெரியாத, பார்க்க ஒன்றும் இல்லாத இரண்டு ஊர்களுக்கு இவர்கள் போய் வந்திருக்கிறார்கள். ஒன்றில் மூன்று நாளும் மழை, அறையை விட்டு இறங்கவே இல்லை.

பாயின்ட்டுக்குக் கொடுக்கிற சீட்களைப் பயணத்துக்குப் பதினோரு மாதம் முன்னால் முன்பதிவுக்குத் திறப்பார்கள். திறந்த அன்றே பிடித்தால்தான் உண்டு. பிள்ளை பெற ஒன்பது மாதம்தான் ஆகிறது. இங்கேதான் கட்டுரை கையை விட்டுப் போயிற்று.

அக்காவுக்கு ஒரே மகள். இரண்டு விமானம் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, மூன்று மாதம் என்றாள். அக்கா அழுதாள், சிரித்தாள், அடுத்த அறையில் இருந்த என்னைக் கூப்பிட்டுக் கத்தினாள். அத்தான் விரல்விட்டு எண்ணினார். எண்ணிவிட்டு, பெற்ற தகப்பன் எவனும் சொல்லாததைச் சொன்னார்.

"அடடா, அஞ்சு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா சீட் கெடச்சிருக்குமே!"

"அஞ்சு மாசம் முன்னாடி எனக்கே தெரியாதேப்பா" என்றாள் மகள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் அம்மாவோடு மட்டுமே பேசினாள். அத்தான் போனை வாங்கினால், "சரிப்பா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாள்.

அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை. பிரசவ மாதத்தில் நடுக்கடலில் இருப்பான். டாக்டர் சொன்ன தேதி இருபத்தி நாலு. "அம்மா வந்துடணும். எனக்குப் பயமா இருக்கு" என்று அவள் ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லிவிட்டாள். நான் இதை எழுத உட்கார்ந்தது அதே மாதம் மூன்றாம் தேதி. அதுவரை டிக்கெட் இல்லை. அந்தப் பெண் வலி எடுத்துப் படுக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதுதான் இந்தக் கதையில் இருக்கிற ஒரே கேள்வி.

4

அத்தான் தினமும் மதியம், ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து, போனில் சீட் தேடினார். "கடைசி நேரத்துல தொறப்பாங்க. பதறக் கூடாது" என்றார் என்னிடம். காசுக்கு விற்கிற டிக்கெட் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.

அக்காவிடம் போய்ச் சண்டை போட்டேன். "உனக்குச் சம்பளம் வருதில்ல? வாங்கிட்டுப் போய்ச் சேரேன்."

"உனக்குப் புரியாதுடி. எட்டு வருஷமா அவர் சேர்த்தது யாருக்கு? பத்து பேர் கூடக் கடைக்குப் போய் நின்னு சேர்த்தாரு. இப்ப நான் காசு குடுத்து வாங்கினா, அத்தனையும் குப்பைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆகாதா?"

எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல. வீட்டுக்கு வந்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

[முதல் முடிவு: பதினெட்டாம் தேதி இரண்டு சீட் திறக்கின்றன. எல்லோரும் பறக்கிறார்கள். ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கு வேண்டாம்.]

[இரண்டாம் முடிவு: குழந்தை பிறந்துவிடுகிறது. அக்கா போனில் பார்க்கிறாள். ஒரு மாதம் கழித்து இலவசமாகப் போய்ச் சேர்கிறார்கள். மகள் கதவைத் திறந்து —]

[மூன்றாம் முடிவு: அக்கா எழுந்து நின்று, "உங்கள் பாயின்ட்டை வைத்து என் தாய்மையை எடைபோடாதீர்கள்" என்கிறாள். காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறாள். போகிறாள்.]

5

தேதிகள் சரியா என்று பார்க்கச் சொல்லி இதை அக்காவுக்கு அனுப்பினேன். தேதிக்காக மட்டும்தான் அனுப்பினேன் என்று இங்கே எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். நீங்கள் நம்பினால் சரி.

பதினாலாம் தேதி மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் பல் குடைகிற மெஷின் சத்தம்.

"ஏய், நான் எங்கடி இப்படிப் பேசினேன்?"

"பேசல. நான்தான் எழுதினேன்."

"அதான் தெரியுதே. தாய்மையை எடைபோடாதீர்கள்னு எவடி வீட்ல பேசுவா? நாடகத்துல கூடப் பேச மாட்டா."

"அடிச்சிடறேன்."

"அடிச்சிடு." யாருக்கோ நேரம் குறித்துக் கொடுத்தாள். பிறகு, "அந்த மூணாவதுல டிக்கெட் என்ன வெலைன்னு போடலையே" என்றாள்.

நான் பார்த்து வைத்திருந்தேன். சொன்னேன். அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். "அம்மாடி!" என்றாள். அதற்குப் பிறகு, "பெட்டி எத்தனை கிலோ விடுவான்?"

சாயங்காலத்துக்குள் வாங்கிவிட்டாள். கார்டில் கூடப் போடவில்லை, வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டினாள். "கார்டுல போட்டா அதுக்கும் பாயின்ட் ஏறும். அவர் அதை வேற பார்த்துச் சந்தோஷப்படணுமா?"

அத்தான் குதிப்பார் என்று நினைத்தேன். ஒரு பத்தி எழுதியும் வைத்தேன். நடந்தது வேறு. அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். சொன்னாள். "ஜன்னலோரமா கேட்டு வாங்கினியா?" என்று கேட்டார். பெட்டியை மூன்று தடவை எடை பார்த்தார். பதினாறாம் தேதி விமான நிலையத்தில் விட்டுவிட்டு, மதியமே வேலைக்குப் போய்விட்டார்.

6

நேற்று அவரைப் பார்க்கப் போனேன். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள், இன்னும் வலி எடுக்கவில்லை என்று செய்தி வந்திருந்தது. அவர் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மோட்டார் அறையில், கையில் கிரீஸோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன எழுத்தாளரம்மா, கதை முடிஞ்சுதா? அதுல என்னைக் கஞ்சன்னு போட்டிருக்கியாமே. அக்கா சொன்னா."

"வேற என்னன்னு போடறது அத்தான்? நீங்களே சொல்லுங்க."

பழைய துணியில் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"போன மாசம் மூணு தடவை சீட் வந்துச்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வந்துச்சா? அப்புறம்?"

"ஒண்ணு ஒண்ணாதான் வந்துச்சு. எனக்கு ரெண்டு வேணும்."

"அக்காவையாவது அனுப்பியிருக்கலாமே!"

"அனுப்பியிருக்கலாம்." துணியை மடித்து வைத்தார். "பொண்ணு அம்மா வரணும்னுதான் சொன்னா. நீயே கேட்டிருக்கே. அப்பா வாங்கன்னு ஒரு தடவை கூடச் சொல்லல. ஒரு சீட்னா அக்கா போயிடுவா, நான் இங்கயே நின்னுடுவேன். ரெண்டு சீட்னா, டிக்கெட் கெடச்சுது வந்துட்டேன்னு அவ பின்னாடியே நொழஞ்சிடலாம்னு நெனச்சேன். வாசல்ல வெச்சு யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கல்ல."

எனக்குப் பாவமாக இருந்தது. அவர் மேல் கோபமும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். தன் வெட்கத்துக்காக ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஒரு மாதம் காக்கவைத்த மனுஷன். வீட்டுக்கு வந்து முதல் பகுதியில் அந்த வாக்கியத்தை அடித்தேன். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று தெரியாமல், அடைப்புக்குறிக்குள் போட்டு அப்படியே விட்டிருக்கிறேன்.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, இன்று மதியம் அவர் போன் செய்தார்.

"ஒரு சீட் வந்திருக்கு. நாளைக்குக் காலையில. மூணு விமானம் மாறணும், இருபத்திமூணாம் தேதி போய்ச் சேரலாம். இருக்கிற பாயின்ட் மொத்தமும் கேக்கறான். படு மோசமான கணக்கு. எவனும் இதை எடுக்க மாட்டான்."

"எடுத்துட்டீங்களா?"

"பத்து நிமிஷம் பிடிச்சு வெச்சிருக்கேன். பட்டனை அமுக்கணும்." மூச்சு வாங்கியது. "உன் கதையில நான் என்ன பண்றேன்?"

"நான் எழுதல அத்தான்."

"எழுதேன்."

"மாட்டேன். அக்காவுக்கு எழுதினேன், போயிட்டா. உங்களுக்கும் எழுதினா நீங்களும் போயிடுவீங்க. அவ கதவைத் தொறந்து ஏன்ப்பா வந்தீங்கன்னு கேட்டா, கொழுந்தியா எழுதினா, அதான் வந்தேன்னா சொல்வீங்க?"

அவர் சிரிக்கவில்லை.

"முதல்ல அவளுக்கே போன் பண்ணிக் கேட்டுடட்டுமா? வரட்டுமான்னு?"

"கேளுங்களேன்."

"வேண்டாம்னு சொல்லிட்டா?"

இதற்குப் பதில் என்று நாலைந்து வாக்கியம் எழுதிப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை.

[அவர் பட்டனை —]

[மகளின் எண்ணை —]

மகளோடு பேச்சு விட்டுப்போன ஓர் அப்பாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்களே அந்த அப்பாவாக இருக்கலாம், அந்த மகளாகவும் இருக்கலாம். மகளாக இருந்தால் உங்களிடம்தான் கேட்கிறேன். மூன்று விமானம் மாறி, கசங்கின சட்டையோடு, கூப்பிடாமல் அவர் வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? அதைக் கீழே எழுதிவிடுங்கள். யோசித்து எழுதுங்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவருக்கு இன்னும் ஆறு நிமிடம்தான் இருக்கிறது.