கோமதித்தாயின் நான்காம் மாதம்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றில்லாத இடத்தில் வாழும் ஓர் ஒற்றைச்செல் உயிரியைப் பற்றிப் படித்தேன். அதன் முன்னோருக்கு மூச்சுவிட உதவிய உள்ளுறுப்பு, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அந்த வேலையை மறந்து, ஹைட்ரஜனை வெளியே விடும் சிறு பையாக மாறிவிட்டதாம்.* மூச்சையே விட்டுக்கொடுத்துப் பிழைத்துக்கொண்ட ஒன்று. 

(அந்தக் கிருமி குடியிருப்பது காளையின் குறியில். காளைக்கு ஒன்றும் ஆகாது. சேரும் பசுவுக்குச் சினை கலையும்.)

2

முதல் தொடக்கம்: 1984. மேலநீலிதநல்லூரில் மழை பொய்த்த அந்த

வேண்டாம். மழையை எல்லோரும் எழுதியாயிற்று.

இரண்டாவது: மேலநீலிதநல்லூர் விவசாயி செல்லச்சாமியின் பசுக்களுக்கு மூன்றாம் மாதத்தில் சினை கலைந்தது. அம்மன் கோபம் என்று பயந்தவன், அம்மனுக்கு நேர்ந்துவிட்ட காளைக்கே அவற்றை மறுபடி விட்டான். நோயைக் கொடுத்ததே அந்தக் காளைதான். மறுபடியும் கலைந்தது.

3

சங்கரன்கோவில் மாட்டு டாக்டர் செல்வமணியை இங்கே கொண்டுவருகிறேன். காளையின் குறியைக் கழுவி எடுத்த நீரைத் தன் ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பில் வைத்து, கிருமி நீந்துவதைச் செல்லச்சாமிக்குக் காட்டினார்.

"சாமி மாட்டைக் குத்தம் சொன்னா எங்க குடும்பம் வெளங்குமாய்யா" என்றான் அவன்.

(டாக்டர் நீளமாகப் பதில் சொன்னார். அதை அடித்துவிட்டேன்.)

அவன் மனைவி கோமதித்தாயைச் சும்மா துணைக்குத்தான் எழுதினேன். அவளாகவே பேசினாள்.

"டாக்டரய்யா, எனக்கும் இது மூணாம் மாசம். பயமா இருக்கு."

"அது மாட்டோட நிக்கிற கிருமி, தாயி. உனக்கு வராது."

அது உண்மை. அவள் முகம் தெளிந்தது. எனக்குத்தான் தெளியவில்லை.

4

கதைகளின் வழக்கம் எனக்குத் தெரியும். பசுவுக்கு நடந்தது அவளுக்கும் நடந்தால் கதை கச்சிதமாக முடியும். நீங்களும் அதைத்தான் எதிர்பார்த்தீர்கள், மறுக்காதீர்கள்.

முடிவு அ: நான்காம் மாதம் பிறக்கும் முன், கோமதித்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு

(முடிக்க மாட்டேன்.)

முடிவு ஆ: சுகப்பிரசவம். (எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

கதையும் அந்தக் கிருமி மாதிரிதான். யார் இழந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். கோமதித்தாய்க்கு மூச்சில்லாமல் பிழைக்கும் அந்த வித்தை தெரியாது. அவளுக்கும் வயிற்றில் இருப்பதற்கும் மூச்சு வேண்டும்.

அதனால் நிறுத்துகிறேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அவள் ஊருக்கு பஸ் ஏறுகிறாள், ஒரு கை வயிற்றின் மேல். இனி அவள் உங்கள் பொறுப்பு. புத்தகத்தை மட்டும் மூடிவிடாதீர்கள்.

* அந்தப் பை எங்கிருந்து வந்தது என்பது அன்று, 1984-ல், டாக்டருக்கும் தெரியாது. தெரிந்துகொண்டு பயப்படுவது நான் மட்டும்தான்.