கருங்காலிப்பட்டின் ஸ்பானிஷ் திட்டு

புதூர்நாட்டுக்கு மேலே மலையில் இருக்கும் கருங்காலிப்பட்டில், சாமை அறுப்பு முடிந்த வாரம் இறங்கிய மூடுபனி விலகியபோது, ஊரே ஸ்பானிஷ் பேசிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் புளி விலை இறங்கியது, பலா நன்றாகக் காய்த்தது, கருங்காலிப்பட்டுக்காரர்களுக்குத் தமிழ் போய் ஸ்பானிஷ் வந்தது. அவ்வளவுதான். மாறியது தாங்கள் என்று அவர்களுக்குத் தெரியவே இல்லை. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனவர்கள், அங்கே எல்லாரும் திடீரென்று ஏதோ புரியாத பாஷை பேசுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். மாடுகள் ஒரு வாரம் திருதிருவென்று விழித்துவிட்டுப் பழகிக்கொண்டன. திருவிழாவில் பூசாரி பஞ்சாட்சரத்தின் மேல் இறங்கிய காளியம்மனும் ஸ்பானிஷிலேயே குறி சொன்னாள், பலித்தது. அது இன்ன மொழி என்று கண்டுபிடித்தவர் வாணியம்பாடித் தோல் வியாபாரி ஃபரூக். பலாப்பழம் வாங்க ஜீப்பில் ஏறி வந்தவர் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்னாங்க இது, நம்ம கிட்ட தோல் வாங்குற ஸ்பெயின் பார்ட்டிங்க பேசுற பேச்சாச்சே" என்றார். பிறகு அதிகாரிகள் வந்து ஊர்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று பதில் வந்தது.

அடிவாரத்துச் சபை ஒன்று இந்த ஊருக்கு மிஷனரியாகக் கலையரசனை அனுப்பியது இப்படித்தான். கலசப்பாக்கத்துப் பையன், மீசை அப்போதுதான் ஒழுங்காக வந்திருந்தது. சென்னையில் வெளிநாட்டு போன்களுக்குப் பதில் சொல்லும் வேலைக்காக ஸ்பானிஷ் படித்தவன். அந்த வேலை கிடைக்கவில்லை, ஊழியம் கிடைத்தது. ஊரார் அவனை 'எர்மானோ' என்றார்கள். அவர்கள் பேச்சில் அண்ணன் தம்பியை அப்படித்தான் சொல்வது. விடியற்காலையில் முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டுக் கிளம்பினால், பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பான். பிறகு ரேஷன் கடை, பிறகு நர்சம்மா. யாருக்கு எங்கே வலிக்கிறது என்று ஊரிலேயே அவனுக்குத்தான் முழுதாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பலாமரத்தடியில் அவன் நடத்திய ஆராதனைக்கு ஊர் மொத்தமும் வந்தது, தொண்டை கிழியப் பாடியது, டீ குடித்தது, அப்படியே எழுந்து காளியம்மன் கோயிலுக்குப் போனது. முதல் சில மாதம் அவனுக்கு இது பெரிய துக்கமாக இருந்தது. அப்புறம் பஞ்சாட்சரத்துக்கும் ஒரு கிளாஸ் டீ எடுத்து வைக்க ஆரம்பித்தான். நல்ல பிள்ளை, வேறு என்ன சொல்வது.

சாப்பாடு வெள்ளையம்மாள் வீட்டில். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. ஒரே மகள் மஞ்சுளா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தாள். மூடுபனி இறங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கூட வேலை செய்த சக்திவேலை வீட்டில் சொல்லாமலே கல்யாணம் பண்ணிக்கொண்டாள். ஊரில் இல்லாததால் அவளுக்குத் தமிழ் தங்கிவிட்டது. இப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு மகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதைத் தவிர வெள்ளையம்மாளுக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று தாயும் மகளும் போனில் பேசினார்கள். போனைத் தன் காதிலேயே வைத்துக்கொண்டு நடுவில் கலையரசன்.

வெள்ளையம்மாள் வாயைத் திறந்தால் திட்டுதான். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன மூதேவி என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கும்வரை ஸ்பானிஷில் பொழிவாள். கலையரசன் கண்ணை மூடித் திறந்து, "அம்மா உங்கள மன்னிச்சிட்டாங்கக்கா, ஆசீர்வாதம் சொல்றாங்க" என்பான். அந்தப் பக்கம் மஞ்சுளா, "ஆமா, பொண்ணு பெத்து வளக்கத் தெரிஞ்சவங்கதான் பேசணும்" என்று சீறினால், மகளுக்கு அம்மா நினைவாகவே இருக்கிறதாம் என்று இந்தப் பக்கம் சொல்வான். கெட்ட வார்த்தை அவன் வாயில் வராது, அப்படி வளர்ந்தவன். சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று நம்பிக்கொண்டு, பாவி, இரண்டு பேரையும் மெல்ல மெல்லப் பிரித்துக்கொண்டிருந்தான்.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு ஞாயிறு, மஞ்சுளா வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினாள். "எங்கம்மா என்னெ இன்னும் ஒரு வார்த்த திட்டல பிரதர். நான் அவங்களுக்கு யாரோ ஆயிட்டேன். ஆம்பூர்லயே பெத்துக்கறேன். இனிமே போன் பண்ண மாட்டேன்னு சொல்லிடுங்க." இதற்குச் சர்க்கரை தடவ அவனுக்கு வழி தெரியவில்லை. சொன்னபடியே சொன்னான். வெள்ளையம்மாள் பாறையிலிருந்து இறங்கிப் போனாள். அன்றைக்கு அடுப்பு எரியவில்லை, மறுநாளும் எரியவில்லை. மூன்றாம் நாள் அவனைக் கூப்பிட்டு, இத்தனை மாதம் என் மகளிடம் என்னதான் சொன்னாய் என்று கேட்டாள். நேருக்கு நேர் கேட்டால் அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒன்று விடாமல் சொன்னான்.

அவள் அடிக்கவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கருங்காலிப்பட்டில் முறை ஒன்று உண்டு, இவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோபித்துக்கொண்டு போன பிள்ளை திரும்பி வந்தால் வாசலில் நிற்க வைத்துத் திட்டுவார்கள். மனசில் இருப்பதெல்லாம் தீரும்வரை திட்டிவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்து உள்ளே விடுவார்கள். திட்டாமல் வாங்க என்று கூப்பிடுவது விருந்தாளியை மட்டும்தான். பெற்ற பிள்ளையை அப்படிக் கூப்பிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம். மாசக்கணக்கில் மகளை விருந்தாளியாக்கி வைத்திருக்கிறாய் எர்மானோ என்றாள் வெள்ளையம்மாள், அழுதுகொண்டே. கலையரசனுக்கும் அழுகை வந்துவிட்டது.

உடனே அவளைக் கையைப் பிடித்துப் பாறைக்கு ஏற்றினான். விஷயம் தெரிந்து ஊரும் பின்னாலேயே ஏறியது. போனை எடுத்தது சக்திவேல். மஞ்சுளா பேச மாட்டேன் என்கிறாள் என்றான். காதில் மட்டும் வைக்கச் சொல்லிக் கெஞ்சினான் கலையரசன். பிறகு வானத்தைப் பார்த்து, ஆண்டவரே கொஞ்ச நேரம் காதை மூடிக்கொள்ளும் என்று வேண்டிக்கொண்டு, வெள்ளையம்மாள் சொல்லச் சொல்ல அப்படியே தமிழில் ஆரம்பித்தான். "இன்னாடி நெனச்சிக்கினு கீற எரும மாடே? ஒருத்தன் கைய புடிக்கறதுக்கு முன்னாடி பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொன்னா உன் வாய் வெந்து பூடுமா? வயித்துல புள்ளய வச்சிக்கினு யாரு வூட்டு வாசல்ல போய் நிக்கப் போற? மூதேவி, நாளைக்கே வண்டியேறி வந்து சேரு, இல்லன்னா நானே வந்து மயிரப் புடிச்சி இழுத்தாந்துடுவேன்." அவன் முகம் கருத்துச் சிவந்தது, குரல் மட்டும் எங்கும் உடையவில்லை.  போனில் மஞ்சுளா விம்முவது கேட்டது. "எங்கம்மாதான்" என்றாள் புருஷனிடம். "எங்கம்மாவேதான்."

மறுநாள் ஜீப்பில் வந்து இறங்கினாள். வெள்ளையம்மாள் வாசலில் நிறுத்தி ஸ்பானிஷில் தொடங்கினாள். மஞ்சுளா வயிற்றைத் தாங்கிக்கொண்டு தமிழில் பதிலுக்குப் பதில் கொடுத்தாள். நடுவில் நிற்கிற பழக்கத்தில் கலையரசன் வாயெடுத்தான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவன் பக்கம் திரும்பி, அவரவர் பாஷையில், சும்மா இரு என்றார்கள். ஒருத்தி பேசியது இன்னொருத்திக்கு ஒரு எழுத்துகூடத் தப்பாமல் புரிந்தது. அன்று மட்டுமில்லை, குழந்தை பிறந்து தவழ்கிற இன்றுவரை அப்படித்தான் புரிகிறது. ஊரில் அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

திட்டு தீர்ந்தது, மகள் தண்ணீர் குடித்து உள்ளே போனாள். சந்தோஷத்தோடு பின்னாலேயே போகப் பார்த்த கலையரசனை வெள்ளையம்மாள் கையை நீட்டி வாசலிலேயே நிறுத்தினாள். அந்த வீட்டில் அத்தனை நாள் சாப்பிட்டவனை ஒருவரும் ஒரு சொல் கடிந்ததில்லை. தன் நல்ல நடத்தைதான் காரணம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். பொய்யன் என்றாள், வெண்ணெய் வாயன் என்றாள், பெற்றவர்கள் உனக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களா என்றாள். பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை. அவன் தலையைக் குனிந்து, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், கண்ணில் நீர் வழிய நின்று முழுக்கக் கேட்டான். அதன் பிறகு உள்ளேயிருந்து செம்பில் தண்ணீர் வந்தது.