நாற்பத்தொன்றாவது மீட்டர்

கிடங்கில் கற்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அந்த வரிசையில்தான் எங்கள் ஊர்க் குன்றான ஓணாங்கரடு நிற்கும். உச்சியிலிருந்து துளை போட்டு எடுத்த அறுபது மீட்டர் உருளைக்கல், மீட்டர் மீட்டராக மரப்பெட்டிகளில் கிடக்கிறது. அதற்குக் காவலாளி நான். ஒருமுறை ஏழையும் எட்டையும் மாற்றி வைத்துவிட்டேன். சரிவில் நின்ற வேப்பமரம், திருத்தும்வரை ஒரு மீட்டர் கீழே இறங்கி நின்றது.

1911இல் ஓர் அளவைக்காரர் இந்தக் கரட்டில் பச்சைக்கறையைப் பார்த்து, பாசி என்று எழுதிக்கொண்டு போனார். 1957இல் வந்தவர்கள் குழி வெட்டிப் பார்த்து, செம்பு என்று திருத்தினார்கள். 1973இல் துளை போட்டவர்களுக்கு நாற்பத்தொன்றாவது மீட்டரில் மட்டும் செம்பு கிடைத்தது. ஒரு சாண். 'மிகச் சிறியது, மேலும் ஆராயலாம்' என்று எழுதினார்கள்.

மேலும் ஆராய இந்த ஆடியில் வந்தவர் அல்போன்ஸ் சார். பெட்டியைத் திறந்தார். அந்த ஒரு சாண் மட்டும் இல்லை.

"அதான் நடுவுல வெளிச்சம் தெரியுதா?" என்றார்.

கரட்டின் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. கோழிகள் அதன் வழியே மறுபக்கம் போய் மேய்ந்தன. மேல்பாதி ஆடிக்காற்றில் நாளுக்கு ஐந்தடி கிழக்கே நகர்ந்தது. அதன்மேல்தான் பள்ளிக்கூடச் சத்துணவு சமைக்கும் பாவாத்தாளின் வீடு. வெள்ளிக்கிழமை அது பக்கத்து ஊரான நெரிஞ்சிப்பட்டியின் எல்லைக்குள் போய்விடும். உள்ளூர்க்காரருக்குத்தான் அந்த வேலை.

"ஏனுங் தம்பி, நான் ஊட்டுக்குள்ளாறதான இருக்கறேன், எப்படி வெளியூர்க்காரி ஆவேன்?" என்று என்னிடம் கேட்டார் பாவாத்தாள்.

"எல்லைக்கல் நகரலீங்களே, அக்கா."

"கல்லுக்கென்ன, அதுக்குச் சோறா பொங்கோணும்?"

மத்தியானம் அல்போன்ஸ் சார் பள்ளியில் சாப்பிட்டார். குழம்பு பச்சையாக இருந்தது. மூன்று மாதமாகவே அப்படித்தான். பிள்ளைகள் கீரை என்று ஒதுக்கிவிடுவார்கள். அவர் விரலால் தொட்டு நக்கினார்.

"நூத்துக்கு ரெண்டு பங்கு செம்பு. எந்த அம்மில அரைச்சீங்க?"

அம்மி பழையதுதான். குழவிதான் புதிது. சித்திரையில் கிடங்குக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க அந்தச் செம்புக்கல்லை எடுத்து முட்டாக வைத்தவன் நான்.

"வாசல்ல சும்மா கெடந்துச்சுங்க. கைக்கு அடக்கமா இருக்குதேன்னு எடுத்தேன்" என்றார் பாவாத்தாள். "வேற குழவிக்கு நான் எங்க போவேன்?"

"வேற வேலைக்கு எங்க போவீங்க?" என்றார் சார்.

பாவாத்தாள் குழவியைக் கழுவித் துடைத்து நீட்டினார். நடுவில் தேய்ந்து மெலிந்திருந்தது. பெட்டியில் வைத்தேன். மேல்பாதி மெதுவாகத் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. கோழிகள் சுற்றிக்கொண்டு வீடு திரும்பின.

நாற்பத்தொன்றில் கரடு இப்போது மெலிவு. அதனால் மேல்பாதி காற்றுக்கு நாளொன்றுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. வெள்ளிக்கிழமை காலை சத்துணவு அதிகாரி வந்து அளந்தபோது வீடு எங்கள் ஊரில் பத்தடி உள்ளே இருந்தது. ஒரு மணிக்கு அளந்தபோது நெரிஞ்சிப்பட்டியில் இருந்தது. இரண்டையும் எழுதி, இரண்டு ஊருக்கும் பாவாத்தாளையே நியமித்தார்.

இங்கே பன்னிரண்டு மணிக்குப் பரிமாறிவிட்டு அவர் வீட்டுக்குப் போய் உலை வைக்கிறார். வீடு நெரிஞ்சிப்பட்டிக்குப் போய்ச் சேரும்போது சோறு வெந்திருக்கும்.