கதவை விட்டு வந்த கற்பூதம்

"அண்ணி, அந்தப் பக்கம் பிடிங்க" என்று நாத்தனார் சொன்னதும் யோசிக்காமல் அவளும் பிடித்துவிட்டாள். வருகிறவர்கள் உட்கார நாற்காலி போட இடம் வேண்டும், அதற்கு மேஜை சுவரோரம் போக வேண்டும். இரண்டு பேரும் ஒரு தள்ளு தள்ளினார்கள். மேஜை மேலிருந்த அட்டை மலை ஒன்று சரிந்தது. ஏதோ ஒன்று உருண்டு தரையில் விழுந்த சத்தமும் கேட்டது.

"ஐயோ, தொடாதீங்க!"

கத்தியவர் கணக்கு வாத்தியார். துக்க வீட்டில் கத்திவிட்டோமே என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அறை வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் பேக்கரிக்காரரும், கிளினிக்குக்கு விடுமுறை சொல்லிவிட்டு வந்திருந்த பல் டாக்டர் பெண்ணும் நின்றார்கள். மூன்று பேரும் கூடத்தில் கிடத்தியிருந்த அவள் கணவரைப் பார்த்துவிட்டு, என்ன பேசுவது, யாரிடம் பேசுவது என்று தெரியாமல், கால் பழகிய வழியில் இந்த அறைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த அறையில்தான் அவள் கணவரும் இந்த மூன்று பேரும் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு படை. விரலுயரப் பொம்மைகளுக்கு வண்ணம் பூசி, அட்டையில் மலை, சதுப்பு, கோட்டை செய்து, பகடையை உருட்டிச் சண்டை. வளர்ந்தவர்கள் நான்கு பேர் பூதத்துக்கும் பேய்க்கும் பரிந்து தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பயந்ததுண்டு. ஒரு சண்டை முடிய மாதக்கணக்காகும். அதனால் இந்த மேஜையை யாரும் தொடக்கூடாது என்பது வீட்டின் சட்டம். அந்தச் சட்டத்தை அவள் இன்றுதான் மீறினாள்.

நாத்தனார் முகத்தைச் சுளித்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். அண்ணிக்காரி மட்டும் போகவில்லை. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியதிலிருந்தே கூடத்துக்குப் போகாமல் இருக்க ஏதாவது வேலை தேடிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

எல்லாம் ஆஸ்பத்திரி டாக்டர் கேட்ட கேள்வியால் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை குளியலறையில் விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, "ரெண்டு மூணு நாளா ஏதாச்சும் வித்தியாசமா இருந்தாரா? பேச்சு, நடை, யோசனை? முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று அவர் கேட்டார். கேட்டவர் அத்தோடு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அவளுக்கு அந்த அரைவாக்கியம் முள்ளாகத் தங்கிவிட்டது. அன்றிலிருந்து அவரது கடைசி நாட்களைக் குடைந்து கொண்டிருக்கிறாள். ஞாயிறு அன்று டீக்குச் சர்க்கரை போட மறந்தாரே, அதுவா? திங்கட்கிழமை சாயங்காலம் இந்த அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாரே, அதுவா? தனியாகச் சிரிக்கிற மனிதரைப் பார்த்தும் கடலை வறுத்துக்கொண்டு நின்றோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அண்ணன் திங்கக்கிழமை ஆடிட்டேன்னு மெசேஜ் போட்டிருந்தாரு" என்றார் பேக்கரிக்காரர், மேஜையைப் பார்க்காதவர்போலப் பார்த்துக்கொண்டே. "வீட்டு ஆட்டம்."

அது இவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். ஞாயிறு கலையும்போது யார் முறையோ அவர் ஒரு வாரம் உட்கார்ந்து யோசிக்கலாம். இந்த வாரம் முறை இந்த வீட்டுக்காரருடையது. யோசித்து ஆடிவிட்டுத் தகவல் சொன்னால் போதும், மற்றவர்கள் அடுத்த ஞாயிறு வந்து பார்த்துக்கொள்வார்கள். இவர் வழக்கமாகச் சனிக்கிழமை வரை இழுப்பார். இந்த முறை ஒரே நாளில் ஆடிவிட்டார்.

மூன்று பேரும் மெல்ல மேஜையை நெருங்கினார்கள். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன இது?" என்றார். "பெரிய கற்பூதத்தைப் பாலத்துக் கதவுலேர்ந்து வெளியே எடுத்துட்டாரு."

"இருக்காது சார். மேஜையை நகர்த்தினதுல நகர்ந்திருக்கும்" என்றார் பேக்கரிக்காரர்.

"ஈயத்துல வார்த்தது, அரைக் கிலோ தேறும். அதுவா நகராது. கதவு தொறந்து கிடக்கு. நம்ம டாக்டரம்மாவோட பனிப்பேய் நேரா கோட்டைக்குள்ள வந்துரும். கத்துக்குட்டிகூட இப்படி ஆட மாட்டான்."

சுவரோரம் போட எடுத்த நாற்காலியை அவள் கீழே வைத்தாள்.

"தப்பான ஆட்டமா?"

"படு தப்பும்மா. மூளை இருக்கிறவங்க யாரும்..." என்று ஆரம்பித்த வாத்தியார் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் அழவில்லை. டாக்டர் கேட்டதைச் சொன்னாள். திங்கட்கிழமை சாயங்காலம் அவர் தனியாகச் சிரித்ததைச் சொன்னாள். "அப்பவே அவருக்கு மூளைல ஏதோ ஆயிருக்கு. இல்லன்னா இவ்வளவு வருஷம் ஆடுறவரு இப்படி ஆடுவாரா? நான் பக்கத்துலயேதான் இருந்தேன். எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் கேட்டவர்களைப் போட்டு வாட்டியது.

பல் டாக்டர் முதலில் சுதாரித்துக்கொண்டாள். "அக்கா, அது பொறி. கதவைத் தொறந்து வச்சு என் பேயை உள்ளே இழுக்கப் பார்த்திருக்காரு. பெரிய மூளைக்காரர் ஆட்டம் அக்கா."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. பல் பிடுங்கும்போது வலிக்காது என்று சொல்வாளே, அதே குரல். அதையாவது வாத்தியார் விட்டுவைத்திருக்கலாம். ஆனால் தப்பான விடையைப் பார்த்தால் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

"பொறியெல்லாம் இல்ல. பின்னாடி அடைக்க ஆளே இல்லையே. சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க."

"சார், கொஞ்சம் வாயை மூடுங்க" என்றார் பேக்கரிக்காரர்.

 பேக்கரிக்காரர் சரிந்த மலையை நிமிர்த்தினார். பிறகு, விழுந்தது எது என்று தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, பெரிய உடம்பை மடக்கி மேஜைக்கடியில் நுழைந்தார். கொஞ்ச நேரம் அவருடைய பின்பக்கம் மட்டுமே தெரிந்தது.

"கிடைச்சிருச்சு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "முரசுக் குள்ளன்."

அவர் உள்ளங்கையில் இருந்தது, சுண்டுவிரல் நகத்தளவு முரசைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு குள்ளன். படையிலேயே மட்டமான ஆள். செத்தால் ஒரு புள்ளிதான் போகும். வாத்தியார் அதை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அது நின்ற இடத்தில், சதுப்புக்கு நடுவில், பனிப்பேய்கள் சூழ நிற்க வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவில்லை.

கற்பூதம் அந்தக் குள்ளனுக்கு ஓரடி தள்ளி, அவனைப் பார்த்தபடி நின்றிருந்தது.

"அடப்பாவி மனுசா!" என்றார் பேக்கரிக்காரர். "மறுபடியும் குள்ளனைக் காப்பாத்தப் போயிட்டாரு!"

பல் டாக்டருக்குச் சிரிப்பு பீறிட்டது. கைக்குட்டையை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. பேக்கரிக்காரர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். வாத்தியார் மட்டும் கோபத்தில் சிவந்திருந்தார்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! ஒத்தைப் புள்ளிக்காகக் கோட்டையை விடாதீங்கன்னு. கேட்டா, ஆட்டப் புஸ்தகத்துல கதை இருக்கும்பாரு. முரசுக்காரனை விட்டுட்டு வந்த கற்பூதம்னு ஒண்ணு கிடையவே கிடையாதாம். கதை வேற, விதி வேறன்னு கரடியாக் கத்தினேன். கேட்டாரா?"

"போன ஆட்டத்துலயும் இதே கதைதான் அக்கா" என்றாள் பல் டாக்டர். "ஜெயிக்கப் போற நேரத்துல ராஜாவையே அனுப்பிக் குள்ளனைக் கூட்டிட்டு வந்தாரு. ராஜா செத்துட்டாரு. குள்ளன் பிழைச்சுக்கிட்டான். அன்னைக்கு எங்களுக்கெல்லாம் அண்ணன்தான் பன் வாங்கிக் கொடுத்தாரு, ஜெயிச்ச மாதிரி."

அவள் கற்பூதத்தைக் குனிந்து பார்த்தாள். "அப்போ இது..."

"இது அவரு எப்பவும் செய்யற முட்டாள்தனம்மா" என்றார் வாத்தியார். பிறகு குனிந்து, அளவுகோலை எடுத்து, கற்பூதத்துக்கும் பேய்களுக்கும் இடையே வைத்துப் பார்த்தார். சதுப்பில் பாதி வேகம்தான் போக முடியும் என்று முணுமுணுத்தார். மறுபடி அளந்தார். நிமிர்ந்தபோது அவர் கோபம் போயிருந்தது.

"இங்க வந்து பாருங்க. பேய் கைக்கு எட்டாத இடமாப் பார்த்து நிறுத்தியிருக்காரு. ஒரு விரக்கடை அதிகமாப் போயிருந்தா பூதம் காலி. சதுப்பு, மேடு, எல்லாத்தையும் கணக்குப் போட்டிருக்காரு. நானே காகிதம் எடுத்தாத்தான் போடுவேன். முட்டாள்தனம் அவரோடது. கணக்கு சரியா இருக்கு."

"நான் பல்லு பார்க்கிறவ, மூளையைப் பத்திச் சத்தியம் பண்ண முடியாது அக்கா" என்றாள் பல் டாக்டர், இந்த முறை தன் சொந்தக் குரலில். "ஆனா திங்கக்கிழமை சாயங்காலம் இந்த நாற்காலில உட்கார்ந்திருந்தது நம்ம ஆளு. முழுசா அவரேதான்."

கேட்டவளுக்குத் தன் கல்யாணம் ஞாபகம் வந்தது. அவள் கணவருக்குத் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. கல்யாணத்தன்று, யாரோ ஒருத்தர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார் என்று போன் வந்ததும், புதுச் சட்டையோடு ஓடிப்போய், கை முழுக்கக் கிரீஸுடன் திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்த மனுசன். அந்தக் கிரீஸ் அவள் புடவையிலும் ஒட்டியது. அதைச் சொல்லிச் சொல்லி இத்தனை வருஷம் திட்டியிருக்கிறாள். இப்போது நினைத்தால் அந்த மனுசன் மேல் ஆசை ஆசையாக வந்தது.

அவள் கூடத்துக்குப் போனாள். நாத்தனாரைத் தாண்டி, கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து பார்க்காத முகத்தைப் பார்த்தாள். சவரம் செய்யாத முகம். உதட்டோரத்தில் என்றைக்குமுள்ள அந்த அசட்டுத்தனம்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள். "ஒரு குள்ளனுக்காகப் போய்..."

அதற்கு மேல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் வராத அழுகை, போன் பண்ணிச் சொன்னபோதெல்லாம் வராத அழுகை, வாய்விட்டு வந்தது. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். என்ன குள்ளன், எந்தக் குள்ளன் என்று அவள் கேட்கவில்லை.

மதியம் மயானத்துக்குப் போக வண்டி வந்தது. படுக்க வைத்துக் கொண்டுபோகிற அளவுக்கு இந்தக் கட்டடத்து லிஃப்ட் பெரிதில்லை. மாடிப்படிதான். வண்டிக்காரர்கள் ஸ்ட்ரெச்சரைக் கொண்டு வந்தபோது, "நாங்க தூக்கறோம்" என்று பேக்கரிக்காரர் சட்டைக் கையை மடித்தார். வாத்தியாரும் பல் டாக்டரும் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். நான்காவது மூலையை வண்டிக்காரர் ஒருவர் பிடித்தார்.

முதல் திருப்பத்திலேயே சண்டை ஆரம்பமாகிவிட்டது.

"கால் பக்கம் முதல்ல திரும்பணும்" என்றார் பேக்கரிக்காரர்.

"கைப்பிடிச் சுவர்ல இடிக்கும். தலைப் பக்கத்தை உயர்த்திட்டு வெளிப்பக்கமாச் சுத்தணும். கோணத்தைப் பாருங்க" என்றார் வாத்தியார்.

"நீங்க கோணம் பார்த்துட்டு நில்லுங்க, எனக்குக் கை போகுது."

"சார் சொல்றது சரி, ஆனா நான் இன்னும் ஒரு படி இறங்கணும்" என்றாள் பல் டாக்டர்.

வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மேலே வாசலில் நின்ற நாத்தனார், "மெதுவாப் பேசுங்களேன்" என்றாள். அவள் அண்ணி அதற்குள் சுவரோரமாக ஒடுங்கி அவர்களைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தாள். திருப்பத்துக்குக் கீழே, இரண்டாவது படியில் காலை அகல ஊன்றி நின்றாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வாத்தியார் சொன்ன மாதிரியே சுத்துங்க" என்றாள். "கால் பக்கம் என்கிட்ட விடுங்க."

அவர்கள் சுற்றினார்கள். அவள் இரண்டு கைகளையும் நீட்டி, பாரத்தை வாங்கிக்கொண்டாள்.