நனையாத சேலைகள்

1984 ஐப்பசியில் குருநகரில் ஒரு வீட்டுக் கிணற்றிலிருந்து தூக்கப்பட்ட யசிந்தாவின் சேலையில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கவில்லை. கிணற்றில் ஆறு முழத் தண்ணீர் நின்றது. தூக்கியவர்கள் நான்கு பேரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். அவளுடைய கூந்தல் மட்டும் அப்போதுதான் சீவி முடித்ததுபோல் இருந்தது. மரண விசாரணை அதிகாரி மார்க்கண்டுவிடம் தட்டெழுத்தாளராக இருந்த பியாட்றிஸ், வட்டுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வந்துபோகிற இருபத்தாறு வயதுக்காரி, சேலையைத் தொட்டுப் பார்த்து, 'உலர்ந்திருந்தது' என்று குறித்துக்கொண்டாள். நுரையீரலில் தண்ணீர் இல்லை, கழுத்தில் விரல் அடையாளங்கள் உண்டு என்று வைத்தியரும் எழுதிக் கொடுத்தார். செத்த பிறகு வந்தவளைத் தண்ணீர் ஏற்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். இதற்குமேல் ஒரு கிணறு என்ன சாட்சி சொல்லும்?

மார்க்கண்டு கெட்டவர் அல்ல, அதுதான் கரைச்சல். கழுத்தைப் பற்றிய வரியை அவர் சிவப்பு மையால் வெட்டினார். "உதை எழுதினால் தூக்குப் போட்டவளெண்டு சனம் கதைக்கும், பிள்ளை. பிறகு சேமக்காலையிலை புதைக்க இடம் குடுக்கமாட்டினம். பாவம், ஆறுதலாப் போகட்டும்" என்றார். கால் தவறிக் கிணற்றில் விழுந்து மரணம் என்று பதிவாயிற்று.

"ஐயா, நீங்கள் பாவம் பாத்தது அவளுக்கில்லை, அவளின்ரை மனிசனுக்கு" என்றாள் பியாட்றிஸ். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஊர் அதைவிட ஒருபடி மேலே போயிற்று. நனையாத சேலை அற்புதம் என்று கிணற்றடியில் மெழுகுதிரி கொளுத்தினார்கள். புருசன் செபநாயகத்துக்குக் கோயிலில் முன்வரிசை வாங்கில் இடம் கிடைத்தது. தொண்ணூற்றிரண்டில் பாசையூர்க்காரர் ஒருவர், புனிதை வாழ்ந்த வீடு என்று பூரித்து, தன் மகள் சிசிலியாவை அவனுக்கே கட்டிக்கொடுத்தார். அந்தச் செய்தி கேட்ட நாள் பியாட்றிஸ் சாப்பிடவில்லை.

அதற்கிடையில் குடாநாடெங்கும் உலர்ந்த பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். நெல்லியடியில் ஒருத்தி, பண்டத்தரிப்பில் ஒரே மாரியில் இருவர் என்று பதினொரு வருடத்தில் யசிந்தாவோடு சேர்த்துப் பதினேழு பேர். எல்லாரும் கால் தவறியவர்களாம்! பியாட்றிஸ் ஒவ்வொரு வீடாகப் போய் விசாரித்து, ஆளுக்கொரு தாள் எழுதி, அடுத்தவளுக்கென்று ஒரு வெறுந்தாளும் வைத்து எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டுவாள். பதினேழு பேரில் பதினான்கு பேர் சாவதற்கு முந்திய மாதம் தாய்வீட்டுக்கு ஓடி வந்திருந்தார்கள். பதினான்கு பேரையும், குடும்பமென்றால் அப்படித்தான் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். கோப்பைக் கொண்டு போனால் பொலிஸ் நிலையம் பூட்டிக் கிடந்தது. இயக்கக் காரியாலயத்துப் பையன் கடைசித் தாள்வரை வாசித்துவிட்டு, "முதல்லை நாடு கிடைக்கட்டும் அக்கா" என்றான். மூன்று பிரதிகளில் அனுப்பவும் என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. குடாநாட்டுக்குள் கடதாசி வரவே தடை விதித்திருந்த அரசாங்கம் கேட்ட மூன்று பிரதி! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினேழு பேரை இப்படிச் சுமந்து என்ன கண்டோம் என்று கோப்பை அடுப்பில் போடப் பார்த்ததும் உண்டு.

1995 ஐப்பசியில் ஷெல்லுக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் ஒரே பாதையால் தென்மராட்சிக்கு நடந்தது. அடைமழை. பொலித்தீனில் சுற்றிய கோப்போடு பியாட்றிஸும் நடந்தாள். இரண்டாம் நாள் பகல் நாவற்குழிப் பாலத்தடியில் நெரிசலுக்குள், மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு செபநாயகம் போனான். பின்னால் சிசிலியா. மழை அவள்மேல் விழவில்லை. துளிகள் தோளுக்கு ஒரு சாண் மேலே விலகி இரண்டு பக்கமும் வழிந்தன. சேலை மொடமொடவென்று இருந்தது.

உலர்ந்த ஒருத்தியை உயிரோடு பியாட்றிஸ் பார்த்தது அதுதான் முதல் தடவை. கிட்டப் போய், "அம்மா வீட்டை போனனீரோ?" என்று கேட்டாள்.

"ஓம், போன கிழமை. திருப்பி விட்டிட்டினம்."

"என்னோடை வாரும்."

செபநாயகம் திரும்பினான். "எங்கை கூட்டிக்கொண்டு போறியள்?"

பியாட்றிஸ் கோப்பை அவன் முகத்துக்கு நேரே தூக்கினாள். "உம்மடை முதல் மனிசி உதுக்கை இருக்கிறா. வாசிக்கட்டோ, இவ்வளவு சனத்துக்கும் கேக்க?"

அவன் சுற்றி நின்ற சனத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினான். பின்னால் வந்த சனம் அவனையும் சைக்கிளையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று.

கைதடி தாண்டும்போது சிசிலியாவின் முந்தானை நனையத் தொடங்கியது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையை அடைந்தபோது தலையிலிருந்து தாரை தாரையாக ஒழுகியது. யாரோ ஒரு பெண் துவாய் நீட்டினாள்.

"பொறும், இப்ப துடைக்கவேண்டாம்" என்றாள் பியாட்றிஸ். "கொஞ்சநேரம் நனைஞ்சிருக்கட்டும்."

சிசிலியா தும்மினாள். பியாட்றிஸ் கோப்பை அவிழ்த்து, பதினெட்டாவது ஆளுக்கென்று வைத்திருந்த வெறுந்தாளை எடுத்து, அவள் இருப்பதற்காக ஈரத் தரையில் விரித்தாள்.